பேய் சாய்ந்தால், வௌவால் விழுந்தால்: ஹாலோவீன் கைவேலைக்குப் பிழை நீக்கும் வழிமுறை

அக்டோபர் பிறந்துவிட்டால், 31-ஆம் தேதி ராத்திரி பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீனுக்காக எங்கள் வீட்டு மேஜை நான்கு வாரத்துக்குச் சாப்பிடக் கிடைக்காது. கருப்பு அட்டை, வெட்டிய துண்டுகள், பாதி காய்ந்த பசை, யாரோ மூடி போடாமல் விட்ட பெயிண்ட். வருஷா வருஷம் அதே சாமான்களைத்தான் செய்கிறோம், வருஷா வருஷம் அதே இடத்தில்தான் சொதப்புகிறது. பசை சரியில்லை, பெயிண்ட் போலி என்று திட்டிக்கொண்டு புதிது புதிதாக வாங்கி வந்து, மூன்றாவது வருஷம்தான் எனக்கு உறைத்தது: கோளாறுகளில் பாதிக்கு மேல் வெறும் ஈரம். காயவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கீழே எந்தத் தலைப்புக்குப் போவதற்கு முன்னும் செய்த பொருளைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அறையில் இருக்கும் மற்ற பொருட்களை விட சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இன்னும் இருக்கிறது. விரல் நுனியை நம்ப வேண்டாம், அது மேல்தோல் காய்ந்ததை மட்டும்தான் சொல்லும். சில்லென்று இருக்கும்வரை எதையும் ஒட்டாதீர்கள், பெயிண்ட் அடிக்காதீர்கள். குழந்தைகளைக் காத்திருக்க வைப்பதற்கு ஒரே வழி, எப்போதும் இரண்டு வேலையை ஒன்றாக ஓட்டுவது. ஒன்று காயட்டும், கை அடுத்ததில் இருக்கட்டும்.

## பலூன் மேல் ஒட்டிய காகித உருண்டை காயவே மாட்டேன் என்கிறது

முதலில் அடுக்கை எண்ணுங்கள். பிள்ளைகள் ஒட்டுகிற வேகத்தில் ஐந்தாறு அடுக்கு ஒரே மூச்சில் ஏறிவிடும், மேலடுக்கு காய்ந்து கீழே உள்ளதற்கு மூடி போட்டுவிடும். ஒரு தடவைக்கு இரண்டு அடுக்கு, ஒரு நாள் முழுக்கக் காயல், அப்புறம் அடுத்த இரண்டு.

அடுக்கு சரிதான் என்றால் கையைப் பாருங்கள். காகிதக் கீற்றைப் பசையில் முக்கி எடுத்ததும் ஆட்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் இடையில் கொடுத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். வழிகிற பசை கிண்ணத்துக்கே திரும்பிவிடும், கீற்று ஈரமாக இருக்கும் ஆனால் சொட்டாது. இந்த ஒரு இழுப்பைக் குழந்தைக்குப் பழக்கிவிட்டால் காயும் நேரம் பாதியாகக் குறைகிறது என்பது என் அனுபவம். பசை ஒரு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தண்ணீரில் தொடங்கி, கரண்டியிலிருந்து நாடா மாதிரி வழிகிற பதத்துக்கு வந்தால் போதும்.

மூன்றாவது, வைத்த இடம். கிண்ணத்தில் உட்கார வைத்தால் அடிப்பக்கத்துக்குக் காற்றே போகாது. பலூன் முடிச்சில் கயிறு கட்டித் தொங்கவிட்டு மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம், ஏன் என்பது அடுத்த தலைப்பில்.

## உருண்டை குழிந்துவிட்டது

உருண்டை எப்போது குழிந்தது என்று யோசித்தால் காரணம் தெரிந்துவிடும்.

பலூனை உடைக்கும் முன்பே குழிந்ததா? வெயில். சூட்டில் பலூன் உப்பி மேலே உள்ள காகிதத்தைத் தள்ளும், சாயங்காலம் குளிர்ந்ததும் சுருங்கி ஈரக் காகிதத்தைத் தன்னோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு வருஷம் நான் நல்ல பிள்ளையாக மதியமெல்லாம் வெயிலில் காயவைத்து, மறுநாள் காலை போய்ப் பார்த்தால் பூதத்தின் தலை நெளிந்த சொம்பு மாதிரி இருந்தது. சின்னவன் அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது என்று சொல்லி எனக்கு ஆறுதல் சொன்னான்.

உடைத்த உடனே குழிந்ததா? ஊசியால் பட்டென்று குத்தியிருப்பீர்கள். ரப்பர் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு சுருங்கும்போது உள்அடுக்கைப் பிய்த்துக்கொண்டு போகும். முடிச்சுப் பக்கத்தில் சின்னதாக ஒரு வெட்டு, காற்று மெதுவாக இறங்கட்டும், ரப்பர் தானாகக் கழன்று வரும். அடுத்த தடவை ஒட்டுவதற்கு முன் பலூனில் லேசாக எண்ணெய் தடவிவிடுங்கள்.

குழிந்ததைத் தூக்கி எறிய வேண்டாம். குழிந்த இடத்தை ஈரத் துணியால் ஒற்றி இளக்கி, ஓட்டை வழியாக ஒரு புதுப் பலூனை உள்ளே விட்டு ஊதுங்கள், குழி வெளியே வந்துவிடும். அதன் மேல் இரண்டு அடுக்கு, ஒரு நாள், அப்புறம் காற்றை இறக்கவும்.

## உருண்டையில் பச்சையாக, கருப்பாகப் புள்ளி, ஒரு மாதிரி வாடை

பூசணம். இதற்குப் பரிகாரம் கிடையாது, மேலே பெயிண்ட் அடித்து மறைக்கவும் கூடாது, உள்ளே வளர்ந்துகொண்டேதான் இருக்கும். பையில் போட்டுக் கட்டி வெளியே எறிந்துவிடுங்கள். அடுத்த தடவை ஒரு கப் மாவுக்கு ஒரு மேஜைக்கரண்டி உப்பு சேர்த்தால் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் அந்தப் பக்கமே விடாதீர்கள். மூச்சு இழுப்பு வந்தால் டாக்டர்தான்.

## துணிப் பேய் நிற்காமல் சாய்கிறது

பாட்டில் மேல் பலூன் வைத்து, பசையில் நனைத்த மெல்லிய துணியைப் போர்த்திக் காயவைத்து, பாட்டிலை உருவினால் பேய் தானாக நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால்:

புறங்கைச் சோதனை. மடிப்புகளின் உள்பக்கம் தொட்டுப் பாருங்கள், அங்கேதான் ஈரம் ஒளிந்திருக்கும். சில்லென்று இருந்தால் திரும்ப அந்தப் பாட்டில், பலூன் அச்சின் மேலேயே போட்டு இன்னொரு நாள்.

காய்ந்தும் தொளதொள என்று இருந்தால் பசையில் தண்ணீர் அதிகம். வெள்ளைப் பசையும் தண்ணீரும் சரிபாதி, அதற்கு மேல் தண்ணீர் கூடாது. அச்சின் மேல் வைத்தபடியே தூரிகையால் இன்னொரு பூச்சு கொடுத்தால் சரியாகிவிடும், புதிதாகச் செய்ய வேண்டியதில்லை.

அதுவும் சரி என்றால் துணி கனம். பழைய போர்வைத் துணி, டிஷர்ட் எல்லாம் தன் எடையிலேயே சாய்ந்துவிடும். காயத்துக்குக் கட்டும் காஸ் துணி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருப்பதுதான் சரி.

நேற்று நின்றது இன்று சாய்ந்துவிட்டது என்றால் காற்றில் ஈரப்பதம். வெள்ளைப் பசை ஈரத்தில் திரும்ப இளகும். வெளியே வைக்காதீர்கள். இதெல்லாம் பார்க்கப் பொறுமை இல்லையா, தலையில் நூலைக் கோர்த்துத் தொங்கவிட்டுவிடுங்கள், பேய் நின்றுதான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

துணி பாட்டிலோடு ஒட்டிக்கொண்டது என்றால் பிளாஸ்டிக் தாள் சுற்ற மறந்திருக்கிறீர்கள். சூடான தண்ணீர் விட்டு இளக்கி எடுத்துத் திரும்ப ஆரம்பிக்க வேண்டியதுதான்.

## வௌவால் சுவரிலிருந்து விழுகிறது

எல்லாமே விழுகிறதா, ஒரு சுவரில் மட்டுமா என்று முதலில் பாருங்கள்.

எல்லாமே விழுந்தால் பெரும்பாலும் தூசி. காய்ந்த துணியால் சுவரைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். அப்படியும் விழுந்தால் இறக்கை வரைக்கும் டேப் போட்டிருப்பீர்கள். இறக்கை நிமிர முயலும்போது டேப்பை நெம்பிக்கொண்டு வரும். உடம்பில் மட்டும் டேப்பைச் சுருட்டி ஒட்டி, இறக்கையை வெளியே மடித்து விடுங்கள், பார்க்கவும் பறப்பது போல இருக்கும். இறக்கை தொங்கிப்போனால் காகிதம் மெலிசு. 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் அட்டை எத்தனை கிராம் எடை என்ற அளவு) அட்டைக்கு மேல் போனால் தொங்காது, ஆனால் ஐந்து வயதுக் கைக்கு வெட்டக் கஷ்டமாக இருக்கும். பெரியவர்கள் வெட்டி, மடிப்பதைச் சின்னவர்களுக்கு விடலாம்.

ஒரே ஒரு சுவரில் மட்டும் திரும்பத் திரும்ப விழுகிறதா? அந்தச் சுவரிலும் புறங்கையை வையுங்கள். மற்ற சுவர்களை விடச் சில்லென்று, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருந்தால், பெயிண்ட் பொருக்கு பொருக்காக உப்பியிருந்தால், கோளாறு வௌவாலில் இல்லை. சுவருக்குள் எங்கேயோ தண்ணீர் கசிகிறது. பிளம்பரைக் கூப்பிடுங்கள், அதுவும் ஹாலோவீன் முடியட்டும் என்று தள்ளிப் போடாமல்.

டேப்பை எடுக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வந்தால் உடனே நிறுத்துங்கள். ஹேர் டிரையரால் சூடு காட்டி, சுவரை ஒட்டினாற்போலச் சாய்த்து மெதுவாக உரியுங்கள். பெயிண்டர்கள் ஓரம் மறைக்கப் பயன்படுத்தும் டேப்பை வாங்கி வைத்துக்கொண்டால் இந்தப் பஞ்சாயத்தே வராது.

## சிலந்தியின் கால் கழன்று வருகிறது, கண் உதிர்கிறது

எட்டுக் காலையும் தனித்தனியாக ஒட்டினால் எட்டுத் தடவை கழலும். பஞ்சு சுற்றிய கம்பியான பைப் கிளீனர் நான்கைச் சேர்த்து நடுவில் இரண்டு முறுக்கு முறுக்கினால் எட்டுக் கால், அந்த முறுக்கின் மேல் உடம்பை உட்கார வைத்து ஒட்டினால் ஒரே ஒட்டு.

ஆடும் பிளாஸ்டிக் கண்களுக்கு வெள்ளைப் பசை பிடிக்காது, காய்ந்ததும் செதில் மாதிரி உரிந்துவிடும். கண்ணின் பின்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டிப் பாருங்கள். அதுவும் நிற்காவிட்டால், பசைக் குச்சியைச் சூட்டில் உருக்கி ஒட்டும் க்ளூ கன்.

கண் உதிர்வதை நான் சின்ன விஷயமாக எடுப்பதில்லை. மூன்று வயதுக்குக் கீழே ஒரு வாண்டு வீட்டில் இருந்தால் ஒட்டுக் கண்ணே வேண்டாம், வரைந்துவிடுங்கள். கழிவறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதுவும் அந்த வயதில் தொண்டையில் சிக்கலாம் என்பது வீட்டில் வைத்துக்கொள்ள எளிமையான அளவுகோல்.

## க்ளூ கன் பட்டுக் கை சுட்டுவிட்டது

இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். சூடு அதிகமான வகை ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸ் வரை போகும், குறைந்த வகை 120 வாக்கில். இரண்டுமே சுடும்.

தோலில் ஒட்டிய பசையைப் பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். அப்படியே குழாயடியில் காட்டி 20 நிமிடம், கடிகாரம் பார்த்து 20 நிமிடம், ஓடுகிற குளிர்ந்த தண்ணீர். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், வெண்ணெய் வேண்டாம். கொப்புளம் கிளம்பினாலும், முகத்திலோ விரல் மூட்டிலோ பட்டிருந்தாலும், குழந்தையின் உள்ளங்கை அளவுக்கு இருந்தாலும் டாக்டரிடம் போய்விடுங்கள். எங்கள் வீட்டில் க்ளூ கன் என் கையில் மட்டும்தான், எங்கே ஒட்ட வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டுவது அவர்கள் வேலை.

## தெர்மோகோல் கல்லறை கரைந்து ஓட்டையாகிவிட்டது

ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தீர்களா? அதில் உள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். க்ளூ கன் என்றால் சூடு. அக்ரிலிக் பெயிண்டைத் தூரிகையால் அடியுங்கள், ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை. கரைந்துபோன கல்லறையை எறிய வேண்டாம், நூறு வருஷம் மழையில் கிடந்த கல் மாதிரியே இருக்கும், அதன் மேல் சாம்பல் நிறம் அடித்தால் கடையில் வாங்கியது தோற்றுவிடும்.

## பூசணியில் பெயிண்ட் ஒட்டாமல் உரிகிறது

தோலில் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு. கழுவி, நன்றாகத் துடைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் ரப்பிங் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து ஒரு துடை துடைத்துவிட்டு அடியுங்கள். வாட்டர் கலர் எப்படி அடித்தாலும் நிற்காது, அக்ரிலிக்தான். அதுவும் மெல்லிசாக இரண்டு பூச்சு. குழந்தைகள் ஒரே பூச்சில் அப்பினால் தோல் மாதிரி முழுசாக உரிந்து வரும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே அடித்தாலும் இதே கதை, மேலே பனித்துளி படிந்திருக்கும்.

## செதுக்கிய பூசணி சுருங்கிவிட்டது, அல்லது அதற்கும் பூசணம் பிடித்துவிட்டது

பேரிலேயே இருக்கிறது என்று வீட்டில் சிரித்துக்கொள்வோம். இரண்டும் வேறு வேறு கோளாறு, ஒன்றுக்குச் செய்வது மற்றதற்கு ஆகாது.

சுருங்கி, ஓரங்கள் உள்பக்கம் மடிந்து, ஆனால் தொட்டால் கெட்டியாக இருக்கிறதா? தண்ணீர் வற்றியிருக்கிறது. இந்தப் பட்டியலில் ஈரம் போதாமல் வருகிற ஒரே கோளாறு இதுதான். ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரில் முகம் குப்புற ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் கவிழ்த்து வைத்து உள்ளேயும் வெளியேயும் துடையுங்கள். ஒரு நாள், ஒன்றரை நாள் தாக்குப்பிடிக்கும். வெட்டிய ஓரங்களில் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் வற்றுவது குறையும், ஆனால் அது தீப்பிடிக்கும் பொருள், தடவியதற்குள் மெழுகுவத்தி கூடாது, எல்இடி மட்டும்.

உள்ளே வெள்ளையாக, கருப்பாகப் பூத்திருக்கிறதா, ஆனால் சுவர் இன்னும் கெட்டியா? நார் சரியாகச் சுரண்டப்படவில்லை. கரண்டியால் உள்சுவர் வழவழவென்று ஆகும்வரை, சுமார் இரண்டரை சென்டிமீட்டர் கனம் இருக்கும்வரை சுரண்டுங்கள். நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி ப்ளீச் கலந்து உள்பக்கம் துடைத்து முழுசாகக் காயவிடுங்கள். இது பெரியவர் வேலை, கையுறையோடு. கையோடு கையாக வினிகரும் விட்டால் இன்னும் சுத்தமாகும் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

அடியில் தண்ணீர் கசிந்து, விரல் வைத்தால் உள்ளே போகிறதா? முடிந்தது. தட்டோடு தூக்கிக் குப்பையில் போடுங்கள், வெறும் கையால் தூக்கினால் பாதி வழியில் அடி கழன்று விழும், எனக்கு விழுந்திருக்கிறது, கம்பளத்தில்.

அக்டோபர் 31 ராத்திரிக்கு முகம் நன்றாக இருக்க வேண்டும் என்றால் 29-க்கு முன் கத்தி வைக்காதீர்கள். அதுவரை முழுக்காயாகவே வைத்து மேலே பேனாவால் வரைந்து பார்க்கலாம், முழுக்காய் வாரக்கணக்கில் கெடாது.

மூடி உள்ளே விழுகிறது என்றால் கத்தியை நேராக இறக்கியிருக்கிறீர்கள். நடுவை நோக்கிச் சாய்த்து வெட்ட வேண்டும். விழுந்த மூடிக்குப் பல்குத்தும் குச்சி நான்கைச் சுற்றிலும் குத்தி முட்டுக் கொடுங்கள். உடைந்த பல்லுக்கும் அதே குச்சிதான்.

## எல்இடி விளக்கு எரியவில்லை

புதியதா? பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அதை உருவினீர்களா? சிரிக்காதீர்கள், ஒரு டஜன் விளக்கைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பி வாசல் வரை போனவன் நான்.

அடுத்து பேட்டரி தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள், கூட்டல் குறி எந்தப் பக்கம் என்று உள்ளே அச்சிட்டிருக்கும். அதன் பிறகு தகட்டைக் காய்ந்த துணியால் துடையுங்கள், பூசணிக்குள் இருந்ததென்றால் ஈரம் பட்டிருக்கும். கடைசியாகத்தான் புதுப் பேட்டரி. பெரும்பாலும் காசு மாதிரி தட்டையாக, சிஆர் 2032 என்று இருக்கும், 3 வோல்ட்.

வேலை முடிந்ததும் பேட்டரிகளை எண்ணுங்கள். கழற்றியது எத்தனை, போட்டது எத்தனை. கணக்கு இடித்தால், குழந்தை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், நேராக ஆஸ்பத்திரி. இருமல், வலி ஏதாவது வருகிறதா என்று காத்திருக்கக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, தேன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது என்றால் போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி, மொத்தம் ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேனைத் தேடிக்கொண்டு தாமதிக்க வேண்டாம், வேறு எதுவும் தர வேண்டாம். மூக்கு, காதுக்குள் போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். பேட்டரி மூடியில் திருகு இல்லாத விளக்கை நான் வாங்குவதில்லை.

ப்ளக்கில் சொருகும் சர விளக்கு என்றால், தொட்டால் சூடு, கருகிய வாடை, ஸ்விட்ச் போர்டில் பொறி, இதில் எது வந்தாலும் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டேப் சுற்றி ஒப்பேற்றுகிற இடம் இதுவல்ல.

## இருட்டில் ஒளிரும் பெயிண்ட் ஒளிரவில்லை

புட்டியைக் கலக்கினீர்களா? ஒளிரும் தூள் கனமானது, அடியில் தங்கிவிடும், மேலே நீங்கள் அடித்தது வெறும் பிசின். கலக்கியும் மங்கலாக இருந்தால் கருப்பு அட்டை மேல் நேராக அடித்திருப்பீர்கள். கீழே வெள்ளைப் பூச்சு ஒன்று கொடுத்து அதன் மேல் இரண்டு மூன்று பூச்சு. அப்புறம் வெயிலில் கொஞ்ச நேரம் காட்டி எடுங்கள், மஞ்சள் எல்இடி வெளிச்சத்தில் சரியாக ஏறாது. சில நிமிடத்திலேயே மங்கிவிடுகிறது என்றால் தூளே மட்டமான வகை. லேபிளில் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்று இருந்தால் மணிக்கணக்கில் நிற்கும், சிங்க் சல்ஃபைடு சீக்கிரம் அணையும்.

## முகத்தில் பூசிய பெயிண்ட் அரிக்கிறது

கைவேலைக்கு வாங்கிய அக்ரிலிக்கா? டப்பாவில் நச்சற்றது என்று போட்டிருந்தாலும் அது தோலுக்கானது அல்ல. முகத்துக்கென்றே விற்பதையும் ஒரு நாள் முன்னால் முழங்கையின் உள்பக்கம் பொட்டு அளவு வைத்துப் பார்க்க வேண்டும். அரித்தால் வெதுவெதுப்பான தண்ணீர், மிதமான சோப்பு, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கண்ணில் போனால் 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, அப்புறமும் சிவந்திருந்தால் டாக்டர். உதடு, கண் இமை வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே அவசர சிகிச்சைக்கு.

## முகமூடியைப் போட மாட்டேன் என்று குழந்தை அழுகிறது

ரப்பர் கயிறு ஓட்டையைக் கிழித்திருந்தால் உள்ளேயும் வெளியேயும் டேப் ஒட்டிவிட்டுத் திரும்ப ஓட்டை போடுங்கள். கண் ஓட்டை சின்னது என்றால் வெட்டிப் பெரிதாக்குங்கள், பக்கவாட்டில் பார்க்க முடியாமல் படியில் தடுக்கி விழுவது பேயை விட நிஜமான ஆபத்து. உள்ளே மூச்சு பட்டு நனைந்திருந்தால், ஆம், அதே ஈரம்தான், மூக்குக்குக் கீழே முழுசாக வெட்டி அரை முகமூடியாக்கிவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அழுதால், தான் செய்த முகமூடியைப் பார்த்தே பயம். மூத்தவள் நான்கு வயதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ரத்தக் காட்டேரி செய்துவிட்டு, காய்ந்ததும் அதைத் திருப்பி வைக்கச் சொன்னாள். அதற்கு டேப் உதவாது. முகமூடியை ஒரு குச்சியில் ஒட்டிக் கையில் கொடுத்துவிட்டோம், வேண்டும்போது தூக்கிக்கொள்ளலாம், வேண்டாதபோது இறக்கிக்கொள்ளலாம். அந்த ராத்திரி முழுக்க அது முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.